கடல், கிணறு, சன்னதி: முதியவர்களுடன் இராமேசுவரம்

இராமேசுவரத்துக்கு வயதானவர்களை அழைத்துச் செல்வதாக இருந்தால், அவர்கள் எந்த நாளில், எந்த நேரத்தில் தீர்த்தமாடப் போகிறார்கள் என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். தங்குமிடம், வண்டி, தனுஷ்கோடி, கடைத்தெரு எல்லாம் அதற்குப் பிறகுதான். பல ஊர்களில் திருக்குளத்தில் கால் நனைத்து, தலையில் சிறிது நீரைத் தெளித்துக்கொண்டு நேரே சன்னதிக்குப் போய்விடலாம். இங்கே கோயிலுக்குக் கிழக்கே அக்னி தீர்த்தம் எனப்படும் கடலில் முழுகி, ஈர உடையோடே கோயிலுக்குள் வந்து, உள்ளேயிருக்கும் 22 தீர்த்தங்களின் நீரையும் ஒவ்வொன்றாகத் தலையில் ஏற்று, பிறகு உலர்ந்த உடைக்கு மாறி இராமநாதரைக் காண வேண்டும் என்னும் வரிசை இருக்கிறது. இளைஞர்களுக்கு இது உற்சாகமான ஒரு காலைப்பொழுது. எழுபதைத் தாண்டியவர்களுக்கோ உடலின் வலிமை முழுவதையும் கேட்கும் காரியம். ஆகவே அந்த ஒரு காலைப்பொழுதைச் சுற்றியே மற்ற எல்லாவற்றையும் அமைத்துக்கொண்டால் பயணம் நன்றாக அமையும் என்பது என் அம்மாவையும் பெரியம்மாவையும் அழைத்துச் சென்று வந்தபின் எனக்கு ஏற்பட்ட கருத்து.

இருவரும் ஏற்கெனவே காசிக்குப் போய் வந்தவர்கள். அங்கிருந்து கொண்டுவந்த கங்கை நீர், வாய் அடைத்த சொம்புகளில் பூசையறையில் காத்திருந்தது. காசியும் இராமேசுவரமும் சேர்ந்தால்தான் யாத்திரை முழுமையாகும் என்பது நாட்டின் பல பகுதிகளிலும் உள்ள நம்பிக்கை. முறைப்படி செய்பவர்கள் முதலில் சேதுக்கரை மணலை எடுத்துப் பூசித்து, அதைப் பிரயாகைத் திரிவேணியில் கரைத்து, காசியில் விசுவநாதரைத் தரிசித்து, கங்கை நீரோடு திரும்பி இராமநாதருக்கு அபிஷேகம் செய்விப்பார்கள். எங்கள் வீட்டில் முன்பாதி விடுபட்டுப் பின்பாதி மட்டுமே நடந்தது. ஆனால் இவ்வூர்த் தெருக்களில் தமிழுக்கு இணையாக இந்தியும், இடையிடையே மராத்தியும் குசராத்தியும் ஏன் கேட்கின்றன என்பதை இந்தப் பிணைப்பு விளக்கிவிடுகிறது. வடநாட்டு யாத்திரிகர்களுக்கு இது பன்னிரண்டு சோதிர்லிங்கத் தலங்களில் ஒன்று. நமக்கு அப்பரும் சம்பந்தரும் பாடிய பாண்டி நாட்டுத் தலம்.

நாங்கள் திருச்சியிலிருந்து காலை இரயிலில் புறப்பட்டோம். பாம்பன் பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்ட பிறகு தீவுக்குள் இரயில் வராமலே இருந்தது. மூட்டை முடிச்சுகளோடு கடலுக்கு இப்பாலேயே இறங்கிப் பேருந்துக்கோ ஆட்டோவுக்கோ மாறுவது முதியவர்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டபின் அந்தத் தொல்லை நீங்கிவிட்டது. கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி நேர்குத்தாக மேலெழும் இந்தப் பாலத்தை ஒட்டியே, 1914 இல் திறக்கப்பட்ட பழைய பாலமும் நாங்கள் சென்றபோது நின்றது. பகல் வெளிச்சத்தில் கடக்கும் இரயிலாகப் பார்த்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். சாலை வழியாகச் சென்றால் 1988 முதல் பயன்பாட்டில் உள்ள இந்திரா காந்தி பாலத்தின் மேலிருந்து இரயில் பாலத்தைப் பார்க்கலாம் என்றாலும், இரயிலில் உட்கார்ந்தபடி இருபுறமும் கடலைப் பார்த்துக்கொண்டு போவதில் பெரியவர்களுக்கு இருந்த மகிழ்ச்சியைச் சாலைப் பயணம் தந்திருக்காது.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளுக்கு வெளியே சென்றால் அறைகள் பெரிதாகவும் புதிதாகவும் கிடைக்கும். ஆயினும் ஈர உடையோடு திரும்பி வரவேண்டிய ஊரில் நடை தூரமே முதன்மையானது என்று கருதி, கோயிலுக்கு அருகிலேயே எடுத்தோம். முன்பதிவு செய்யும்போதே மின்தூக்கி இருக்கிறதா, மேற்கத்திய முறைக் கழிப்பறை உண்டா, அதிகாலையில் வெந்நீர் வருமா, மாடியிலோ முற்றத்திலோ துணி உலர்த்தக் கொடி உண்டா என்று கேட்டுவிடுவது நல்லது. கடைசிக் கேள்வியைப் பலரும் கேட்பதில்லை. இரண்டு புடவைகளும் ஒரு வேட்டியும் அறைக்குள் சொட்டிக்கொண்டிருக்கும்போது அதன் அருமை விளங்கும். தேவஸ்தான விடுதிகளும், பல சமூகத்தாரின் மடங்களும் சத்திரங்களும் ஊரில் இருக்கின்றன. குழாய் நீர் சில இடங்களில் உப்புக் கரிக்கும் என்பதால் குடிநீரைத் தனியே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

அமாவாசை நாள்களைத் தவிர்த்தோம். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்யப் பெருங்கூட்டம் கூடும். அந்த நாளில்தான் செய்தாக வேண்டும் என்ற கடமை உள்ளவர்கள் போகட்டும். மற்றவர்கள், குறிப்பாக முழங்கால் வலியுள்ள பெற்றோரை உடன் வைத்திருப்பவர்கள், வளர்பிறையில் ஒரு செவ்வாய், புதனைத் தேர்ந்தெடுப்பதில் குறையொன்றும் இல்லை. மார்கழி, தை மாதங்களில் வெயில் தணிந்திருப்பதால் நீராடலுக்கு இதமாக இருக்கும். ஆனால் வெளிமாநிலக் கூட்டமும் ஐயப்ப பக்தர்களின் கூட்டமும் அப்போதுதான் மிகுதி.

போய்ச் சேர்ந்த அன்று மாலை, தீர்த்தம், அபிஷேகம் என்று எதுவும் இல்லாமல் வெறுமனே கோயிலைப் பார்க்கச் சென்றோம். இதை எல்லோருக்கும் பரிந்துரைப்பேன். மறுநாள் ஈரத்தில் நடக்கப்போகும் வழியை முதல்நாள் உலர்ந்த காலோடு நடந்து பார்த்துவிடுவது முதியவர்களின் அச்சத்தைப் பெரிதும் குறைக்கிறது. எங்கே படி, எங்கே நீர் தேங்கும் பள்ளம், எங்கே உட்காரலாம் என்பதை அம்மா தாமாகவே குறித்துக்கொண்டார். அதோடு, மூன்றாம் பிராகாரத்தை நிதானமாகப் பார்ப்பதற்கும் அந்த மாலையே ஏற்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் இராமநாதபுரம் மன்னர் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் நிறைவுபெற்ற இந்த வெளிப்பிராகாரத்தில் மட்டும் 1,212 தூண்கள் இருப்பதாகக் கணக்கு. தூண்களின் வரிசை ஒரு புள்ளியில் சென்று குவியும் காட்சியைப் படங்களில் எத்தனை முறை பார்த்திருந்தாலும் நேரில் நிற்கும்போது கண் அதை நம்ப மறுக்கிறது. இந்தத் தீவில் கட்டடத்துக்கு உதவும் கருங்கல் கிடையாது. இவ்வளவு கல்லும் கடலைக் கடந்து வந்தது என்பதை நினைத்துக்கொண்டால், சேதுபதிகள் சேதுவின் காவலர்கள் என்று தம்மை அழைத்துக்கொண்டதில் வெறும் பெருமை மட்டும் இல்லை என்று தோன்றும். கைப்பேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. அறையிலேயே வைத்துவிட்டுச் சென்றால் வெளியே வைப்பதற்கும் திரும்பப் பெறுவதற்குமான இரண்டு வரிசைகள் மிச்சம். கைப்பேசி இல்லாததால், கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சுதையாலான பெரிய நந்தியின் அருகே என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். யாரைக் கேட்டாலும் வழிகாட்டக்கூடிய இடம் அது.

மறுநாள் விடியலில் கடலுக்குச் சென்றோம். அக்னி தீர்த்தத்தில் அலை பெரும்பாலும் அடங்கியே இருக்கும். ஏரி நீரைப்போல் தளும்பும் கடலில் இடுப்பளவு நீரில் நின்று முழுகுவது வயதானவர்களுக்கும் இயலக்கூடியதுதான். ஆனால் காலடியில் எச்சரிக்கை வேண்டும். யாத்திரிகர்கள் பழைய துணியைக் கடலில் விட்டுச் செல்லும் வழக்கத்தால் துணிகள் கால்களில் சுற்றிக்கொள்கின்றன. துணியை விடுவதால் பாவம் போகும் என்று எந்தப் பெரியவர் சொன்னாரோ தெரியாது. அடுத்து முழுகுபவர் தடுக்கி விழுவதால் சேரும் பாவத்தை அவர் கணக்கில் கொள்ளவில்லை என்று நினைக்கிறேன். பெரியம்மாவின் ஒரு கையை நானும் மறுகையை அம்மாவும் பிடித்துக்கொண்டோம். வெள்ளியும் தங்கமும் ஏதும் அணியாமல் அறையிலேயே வைத்துவிட்டு வந்தது நல்லதாயிற்று.

தந்தைக்குத் தர்ப்பணம் செய்ய வேண்டியிருந்தது. கரையில் புரோகிதர்கள் பலர் அமர்ந்திருப்பார்கள். நீங்கள் அணுகுவதற்கு முன் அவர்களே அணுகுவார்கள். தர்ப்பணம் மட்டுமா, பிண்டம் வைத்துச் செய்வதா, அதற்கான பொருள்கள் தொகைக்குள் அடங்குமா, தட்சணை தனியா என்பதை உட்காருவதற்கு முன்பே தெளிவாகக் கேட்டு முடிவு செய்துகொள்ள வேண்டும். மூன்று தலைமுறைப் பெயர்களையும் கோத்திரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால் அந்த நேரத்தில் தடுமாற வேண்டியதில்லை. இந்தத் தாளைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. துக்கமும் கூட்டமும் சேர்ந்த வேளையில் கொள்ளுப்பாட்டியின் பெயர் நினைவுக்கு வராமல் திகைத்து நின்றவர்களைப் பக்கத்திலேயே பார்த்தேன்.

பின்னர் தீர்த்தக் கிணறுகள். தீர்த்தமாடுவதற்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டும். நாங்கள் சென்றபோது ஆளுக்கு 25 ரூபாய். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி, சாவித்திரி, காயத்திரி, சரசுவதி என்று சென்று, நளன், நீலன், கவயன் முதலிய வானர வீரர்களின் பெயர் தாங்கியவை, சூரியன், சந்திரன், கங்கை, யமுனை, கயை என்று தொடர்ந்து கோடி தீர்த்தத்தில் முடியும். கிணற்றின் கைப்பிடிச் சுவர்மேல் நிற்பவர் கயிறு கட்டிய வாளியைச் சுழற்றி விட்டு இழுத்து, ஒரே வீச்சில் நம் தலையில் கவிழ்க்கிறார். அவ்வளவு வேகமும் நேர்த்தியும் உள்ள கை அது. பெரியம்மாவைப் பார்த்ததும் ஒருவர், "பாட்டிம்மா, கண்ணை மூடிக்கிட்டுக் கொஞ்சம் குனிஞ்சுக்குங்க" என்று சொல்லி, வாளியைப் பாதியாக்கி மெல்ல ஊற்றினார். இதற்கு அடுத்த கிணற்றிலிருந்து நாங்களே முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளத் தொடங்கினோம். கேட்டால் மறுப்பதில்லை. முழு வாளி நீர் உயரத்திலிருந்து கழுத்தில் விழுவது எலும்பு தேய்ந்தவர்களுக்கு நல்லதன்று.

வழிநெடுக, தனி வாளியோடு உடன் வந்து குழுவுக்கு மட்டும் இறைத்து ஊற்றுவதாகச் சொல்லித் தொகை கேட்பவர்கள் வருவார்கள். கூட்டமான நாளில் முப்பது பேர் கொண்ட குழுவுக்கு அது வசதியாக இருக்கலாம். எங்களைப்போல் மூன்று பேர் நிதானமாகப் போவதற்குச் சீட்டே போதும். தனியாள் உடன் இருந்தால் அவருடைய வேகத்துக்கு நாம் ஓட வேண்டியிருக்கும் என்பது என் தயக்கத்துக்குக் காரணம். கருங்கல் தரை முழுவதும் நீர் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் வயதானவர்கள் ஓடக்கூடாது. செருப்பில்லாத பாதத்தை முழுமையாகப் பதித்து, சுவரோரமாக, குறுகிய அடிகளாக வைத்து நடக்கச் சொல்லி அழைத்துச் சென்றேன். இடையில் இரு முறை உட்கார வைத்தேன். இரத்தச் சர்க்கரைக்கு மாத்திரை உண்பவர்கள் வெறும் வயிற்றில் இந்தச் சுற்றை மேற்கொள்வது ஆபத்தானது. மருத்துவரிடம் முன்பே கேட்டு, நீராடலுக்கு முன் எளிய ஆகாரம் கொடுத்து, என் இடுப்பு மடிப்பில் ஒரு சிறு பொட்டலம் கற்கண்டும் வைத்திருந்தேன். விரதம் கெடும் என்று அம்மா முதலில் மறுத்தார். யாத்திரையில் இருப்பவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விரத நியமத்தில் விலக்கு உண்டு என்று பெரியம்மாதான் எடுத்துச் சொல்லி இணங்க வைத்தார்.

பாதி வழியில் பெரியம்மாவுக்குக் குளிர் எடுத்துக்கொண்டது. "எனக்கு இனிமே தலையில தெளிச்சாப் போதும்பா, நீங்க ரெண்டு பேரும் முழுசா ஊத்திக்குங்க" என்றார். அப்படியே செய்தோம். புரோட்சணம், அதாவது நீரைத் தெளித்துக்கொள்வதும், நீராடலுக்கு ஒப்பானதே என்பது பெரியவர்கள் ஏற்றுக்கொண்ட முறை. 22 கிணற்றிலும் முழு வாளி ஏற்றால்தான் பலன் என்று பிள்ளைகள் பிடிவாதம் பிடிப்பதைச் சில குடும்பங்களில் கண்டேன். நடுங்கும் தாயை அடுத்த கிணற்றுக்கு இழுத்துச் செல்வதில் எந்தப் புண்ணியமும் எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு தீர்த்தத்திலும் நீரின் சுவை வேறுபடுகிறது. கடலுக்கு இவ்வளவு அருகில் இருந்தும் பல கிணறுகளின் நீர் உப்பின்றி இருப்பதை நாவில் ஒரு துளி பட்டபோதே உணர முடிந்தது. நிறைவாகக் கோடி தீர்த்தம். இராமர் தம் வில்லின் நுனியால் உண்டாக்கியது என்பது தலபுராணம். வீட்டுக்கு எடுத்துச் செல்வதும் இந்தத் தீர்த்தத்தைத்தான்.

ஈர உடையோடு சன்னதிக்குள் செல்ல அனுமதி இல்லை. ஆகவே உலர்ந்த உடைகளை யார் வைத்திருப்பது என்பது பெரிய கேள்வி. நீராடாத ஒருவர் குழுவில் இருந்தால் அவரிடம் பையைக் கொடுத்துவிட்டு வெளியே ஓரிடத்தில் இருக்கச் சொல்லலாம். எங்களில் அப்படி யாரும் இல்லாததால், அறைக்கே திரும்பி வெந்நீரில் துடைத்துக்கொண்டு, உடைமாற்றி, சூடாக இட்லியும் சாப்பிட்டு, பிறகு தரிசனத்துக்குச் சென்றோம். அருகில் தங்கியதன் பயன் இங்கேதான் முழுமையாகக் கிடைத்தது. பெண்கள் உடைமாற்றும் அறைகள் இருந்தாலும் கூட்டத்தில் வயதானவர்கள் அங்கே நின்று புடவை கட்டுவது கடினம். நீராடலுக்குப் பெண்கள் அடர்ந்த நிறத்தில் சற்றுக் கனமான பருத்திப் புடவையோ சுடிதாரோ அணிவது நல்லது. மெல்லிய செயற்கை இழைத் துணி உடலோடு ஒட்டிக்கொண்டு நடக்கவும் விடாது, மானத்தையும் காக்காது.

சன்னதியில் ஒரு முறைமை உண்டு. அனுமன் கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவரத் தாமதமானதால் சீதாதேவி மணலால் பிடித்த லிங்கத்தை இராமர் பூசித்தார் என்பதும், வருந்திய அனுமனைத் தேற்ற அவர் கொண்டுவந்த லிங்கத்துக்கே முதல் பூசை என்று இராமர் விதித்தார் என்பதும் கதை. இன்றும் வடபால் உள்ள அந்த விசுவலிங்கத்துக்கே முதலில் பூசை நடக்கிறது. அதை வணங்கிய பின்பே இராமநாதரிடம் வர வேண்டும் என்பதில் பெரியம்மா உறுதியாக இருந்தார். அம்பாள் பர்வதவர்த்தினியின் சன்னதியில் எங்களுக்குக் கிடைத்த அமைதியான சில நிமிடங்கள் மூலவர் சன்னதியில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அன்று பிற்பகல் முழுவதும் இருவரையும் உறங்க விட்டேன். மாலை வெயில் சாய்வதற்குள் தனுஷ்கோடிக்கு வண்டியில் சென்றோம். 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருப்பதால், முன்புபோல் மணலில் குலுங்கும் வேனில் போக வேண்டியதில்லை. ஒருபக்கம் உள்ளூரார் பெண்கடல் என்று சொல்லும் அமைதியான பாக் நீரிணை, மறுபக்கம் ஆண்கடல் என்னும் மன்னார் வளைகுடா. முனையில் நீரோட்டம் வலுவானது. அங்கே இறங்கிக் குளிக்க யாரையும் விடாதீர்கள். 1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் அழித்த தேவாலயத்தையும் இரயில் நிலையத்தின் மிச்சத்தையும் வண்டியிலிருந்தே பார்த்தார்கள். அந்தப் புயலுக்குத் தப்பிய கோதண்டராமர் கோயிலில் மட்டும் இறங்கினோம். வீடணன் அடைக்கலம் புகுந்த இடம் என்று போற்றப்படுவது அது. மாலைக்குமேல் முனைப்பகுதிக்கு வண்டிகளை அனுமதிப்பதில்லை என்பதால், கிளம்புமுன் விடுதியில் நேரம் கேட்டுக்கொள்ள வேண்டும். இராமர் பாதம், வில்லூண்டி தீர்த்தம் போன்றவற்றை எல்லாம் ஒரே நாளில் சேர்த்துக் காட்டுவதாக வண்டிக்காரர்கள் ஒரு பட்டியல் சொல்வார்கள். தீர்த்தமாடிய நாளில் அதை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

கங்கை நீரை அடுத்த நாளுக்கு வைத்துக்கொண்டோம். அதிகாலை 5 மணியளவில் நடக்கும் ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு இருட்டிலேயே புறப்பட்டுச் சென்றோம். பாலபிஷேகத்தின்போது ஒளி ஊடுருவும் அந்தச் சிறிய லிங்கத்தைக் காண நெருக்கடி மிகுதி. உயரம் குறைந்தவர்களும் கூனியவர்களும் முன்வரிசைக்கு வந்தால்தான் காண முடியும் என்பதால், நேரத்தோடு வந்து வரிசையில் முன்னால் நிற்பதே வழி. பின்னர் அபிஷேகச் சீட்டு வாங்கிச் சொம்புகளைக் கொடுத்தோம். பித்தளை, செம்பு, வெண்கலப் பாத்திரங்களில் கொண்டுவரும் கங்கை நீரையே ஏற்பார்கள். தகரம், இரும்பு ஆகாது. காசியில் வாங்கும்போதே செம்புச் சொம்பாகப் பார்த்து வாங்கிவிட்டால் இங்கே அலைச்சல் இல்லை. நெகிழிப் புட்டியில் கொண்டுவந்த ஒரு குடும்பத்தார் சன்னதித் தெருக் கடைகளுக்குச் சொம்பு தேடி விரைந்து சென்றதைப் பார்த்தோம்.

திரும்பும் வழியில் காராக இருந்திருந்தால் திருப்புல்லாணியிலும், கடலுக்குள் நவக்கிரகக் கற்கள் நிற்கும் தேவிபட்டினத்திலும் இறங்கியிருக்கலாம். இரண்டும் இராமநாதபுரத்திலிருந்து எட்டும் தூரத்தில் இருப்பவை. இராமரின் சேது யாத்திரையோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. உத்தரகோசமங்கையையும் அதே சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம். அப்படிச் செய்ய விரும்புபவர்கள் இரண்டு இரவைத் தீவிலும் ஓர் இரவை இராமநாதபுரத்திலும் வைத்துக்கொள்வது முதியவர்களுக்கு ஏற்றது. நாங்கள் பிற்பகல் இரயிலில் ஏறினோம். ஈரம் முழுதும் உலராத புடவைகளை நெகிழிப் பைக்குள் கட்டாமல் பழைய துண்டில் சுற்றி மேற்பலகையில் வைத்தேன். கடல் உப்பு ஏறிய துணியை வீடு சேர்ந்ததும் இரு முறை நல்ல நீரில் அலசி எடுக்க வேண்டும் என்று பெரியம்மா பாம்பனைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை நினைவூட்டிவிட்டார்.